வேலை இல்லாதவரின் வட்டி

"வேலையே இல்லாத மனுஷனுக்கு எதுக்குங்க வருமான வரி, அதைச் சொல்லுங்க முதல்ல, எனக்கு..."

"அது வருமான வரி இல்ல. வட்டியில முன்கூட்டியே பிடிக்கிறது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் எல்லாரும் பண்ற..."

"பேர் எதுவா வேணா இருக்கட்டும். போனது யார் பணம்?"

"போகலம்மா. பிடிச்சு வச்சிருக்காங்க. போறதுக்கும் பிடிச்சு வைக்கிறதுக்கும்..."

"ஏழாயிரத்து இருநூறு. ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாத்தினா எனக்கு நூறு. எழுபத்திரண்டு ஜிப்புங்க அது."

அவர் முப்பது வருஷம் சம்பளப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் சம்பளத்தைக் கூட்டிக் கழித்தவர்தான். ஆனாலும் இவ்வளவு உறைக்கிற மாதிரி ஒரு வகுத்தல் கணக்கை அவர் ஒருநாளும் போட்டதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. அவருடைய ஆபீஸ் பை தையல் மிஷின் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் ஜிப் பல் விட்டுப்போய் ஒரு வாரமாகிறது. சரிசெய்து தருகிறேன் என்று எடுத்த மனைவியின் கையில், பையின் உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவிலிருந்து ஒரு காகிதம் அகப்பட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு பேங்க் அனுப்பியது. வைப்புத் தொகைக்கு அரையாண்டு வட்டி எழுபத்திரண்டாயிரம், அதில் வரிக்குப் பிடித்தது ஏழாயிரத்து இருநூறு. பத்தில் ஒரு பங்கு.

ஆறு மாதமாக அந்தக் காகிதம் அவரோடு தினமும் வெளியே போய்வந்தது. அவரும் அதுவும் ஒரே வேலையைத்தான் பார்த்தார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்புவது, யார் கண்ணிலும் படாமல் இருப்பது, ஐந்தரைக்கு வீடு திரும்புவது.

"உங்க வட்டியை நம்பித்தான் தையல் மிஷின் மெக்கானிக்கிட்ட மோட்டாருக்குச் சொல்லி வச்சேன்," என்றாள். "அரிசி பருப்புக்கு இதுன்னு எடுத்து வச்சது போக, மிச்சத்துல மோட்டார். மிச்சமே வரலைன்னா கேட்க மாட்டேனா? ‘பேங்க்ல வட்டி விகிதம் இறங்கிப்போச்சு’ன்னு சொன்னீங்க. நானும் சரிதான்னு கேட்டுக்கிட்டேன்."

"இறங்கினதும் உண்மைதான்."

"எவ்வளவு இறங்கிச்சு?"

"கால் சதவீதம்."

அவள் மிஷினைத் தட்டினாள். அந்த மோட்டார் இருபது நிமிஷம் ஓடினால் கருகின வாசனை அடிக்கும். அப்புறம் அரைமணி நேரம் ஆற வேண்டும். காலால் மிதித்துத் தைத்துவிடலாம் என்றால் அவள் முட்டி ஒத்துழைக்காது. மெக்கானிக் ஒரு பழைய மோட்டாரை ஒதுக்கி வைத்திருக்கிறார், விலை ஏழாயிரம், திங்கள் சாயந்திரம் வரைதான் வைத்திருப்பார், அதற்குமேல் கேட்டுவைத்திருக்கிற இன்னொரு கடைக்குப் போய்விடும். திங்கள்கிழமைதான் அவருடைய அடுத்த வட்டியும் வருகிறது. அதிலும் ஏழாயிரத்து இருநூறு போய்விட்டால் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாவிட்டால் ஜிப் கிடையாது. இந்தப் பதிமூன்று மாதமாகப் பாலும் காய்கறியும் ஜிப்பிலிருந்துதான் வந்துகொண்டிருக்கின்றன என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஆள் அவர்தான். அவருக்குத்தான் தினமும் ஆபீஸ் போகவே நேரம் சரியாக இருந்ததே.

"சரி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. பேங்க் எதுக்கு வெட்டுது?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் மனப்பாடமாகப் பதில் இருந்தது. குழாய்க் கம்பெனியின் சம்பளப் பிரிவு ஜன்னலில் முப்பது வருஷம் சொன்ன பதில். தொழிலாளிகள் அவருக்கு வைத்திருந்த பேர் ‘கத்திரி சார்’. அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"வட்டி வருஷத்துக்கு ஒரு அளவுக்கு மேல போனா பேங்க் பத்துல ஒரு பங்கைப் பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டிடும். நமக்கு வேலை இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. எனக்கு வரி கட்டற அளவுக்கு வருமானமே இல்லைன்னு நாம ஒரு ஃபாரம் எழுதிக் குடுத்தா பிடிக்காது. குடுக்கலைன்னா பிடிக்கும். பிடிச்சதை வருஷக் கடைசில கணக்குக் காட்டி வாங்கிக்கலாம். எங்கயும் போகாது, திரும்பி வந்துடும்."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. ஒரு லாரி டிரைவர் மகளின் பள்ளிக்கூடப் பணத்துக்காக ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இதே குரலில் இதே இரண்டு வார்த்தையைச் சொல்லி ஜன்னலை மூடியிருக்கிறார். மணி நாலாகிவிட்டது, டீ வந்துவிட்டது. அன்றைக்கு அது எவ்வளவு நியாயமான பதிலாகத் தோன்றியது என்று நினைத்துப் பார்த்தார்.

"ஃபாரம் குடுத்தா பிடிக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க."

"குடுத்தீங்களா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களைத்தான். என் பேர்ல எங்கப்பா வீடு வித்த பங்கு கிடக்கே, அதுல ஒரு தடவையாவது வெட்டியிருக்காங்களா?"

இங்கே அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "எப்படி வெட்டுவாங்க? நான் விட்டாத்தானே. ஒன்பது வருஷமா வருஷம் பிறந்த முதல் வாரத்துல உன் ஃபாரத்தை எழுதிக் கொண்டுபோய்க் குடுக்கிறது யாரு? நீயா? நீ ஊசியை வாய்ல கடிச்சுக்கிட்டு வந்து, நான் பெருக்கல் குறி போட்ட எடத்துல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிடுவ. என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

"நீங்க எழுதறீங்கன்னு பாக்கலை."

"அதான் சொல்றேன். ஒரு காசு வெட்ட விட்டதில்ல."

"அந்த வட்டி வாடகைக்கே சரியாப் போகுது. அதைப் பத்தி நான் கேட்கலை. எனக்காக எழுதத் தெரிஞ்ச ஃபாரத்தை உங்களுக்காக எழுத ஏன் தெரியலை?"

அந்த ஃபாரம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தையல் மிஷின் மேஜையின் ஒரு கால் குட்டை. போன வருஷம் ஒருநாள் அவர் பெரிய மனதோடு ஒரு காகிதத்தை நாலாக மடித்து அதற்கடியில் முட்டுக் கொடுத்தார். ‘இப்ப ஆடுதா பாரு’ என்று பெருமையாகவும் கேட்டார். அந்தக் காகிதம்தான்.

அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போயிற்று. குனிந்து மேஜையை ஒரு கையால் தூக்கி, காகிதத்தை உருவிப் பிரித்தாள். நடுவில் வட்டமாகக் குழி விழுந்திருந்தது. மற்றபடி வெள்ளையாக, ஒரு எழுத்துகூட எழுதப்படாமல் இருந்தது.

"ஒரு வருஷமா இது மேலதான் உக்காந்து தைச்சுக்கிட்டு இருக்கேனா?"

"இது போன வருஷத்துது. இனிமே செல்லாது," என்றார். செல்லாது என்று சொல்வதற்கு மட்டும் அவருக்குக் குரல் எப்போதும் தயாராக இருந்தது.

விஷயம் இதுதான். பேங்கில் வைப்புத் தொகை கவுண்டரில் உட்கார்ந்திருப்பது அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ் வீட்டுப் பெண். தினமும் காலையில் மாடிப்படியில் பார்த்து, "ஆபீஸ் கிளம்பியாச்சா சார்?" என்று கேட்பாள். "ஆமாம்மா, இன்னைக்கு வேலை ஜாஸ்தி," என்பார். கம்பெனி ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டு, அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பி ஒரு மாதமான பிறகு, அந்தத் தொகையை அதே பெண்ணிடம் கொண்டுபோய்ப் போட்டபோதும், "கம்பெனில போனஸ் மாதிரி ஒண்ணு குடுத்தாங்க," என்றார். வேலையில் இருந்த முப்பது வருஷமும் அவர் குமாஸ்தாதான். கணக்குத் தொடங்கும் காகிதத்தில் ‘சம்பளப் பிரிவு அதிகாரி’ என்று எழுதினார். வேலையை விட்டு அனுப்பியதும் தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். மாதச் சம்பளம் என்ற இடத்தில், பழைய சம்பளத்தை எழுதி, அடுத்து வரவேண்டிய உயர்வையும் சேர்த்துப் போட்டார். கஞ்சத்தனம் பண்ணவில்லை.

அந்தப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, மேஜைக்கடியிலிருந்து இந்த ஃபாரத்தை எடுத்து நீட்டி, "எதுக்கும் இருக்கட்டும் சார்," என்றாள். "எனக்கு எதுக்கும்மா இது, நமக்குத்தான் சம்பளம் வருதே," என்று சிரித்துக்கொண்டே வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

இதையெல்லாம் அவர் மனைவியிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கறந்தாள். சொல்லி முடித்தபோது பத்து மணி.

"பேங்க் எத்தனை மணி வரைக்கும்?"

"பன்னெண்டு."

"இன்னைக்குக் குடுத்தா திங்கக்கிழமை வட்டியை வெட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"செருப்பைப் போடுங்க."

"நீ எதுக்கு? நானே போய்ட்டு..."

"நீங்க போனா வாசகசாலைக்குப் போய்ப் பேப்பர் படிச்சுட்டு அஞ்சரைக்கு வருவீங்க. நானும் வரேன்."

பையைக் கையில் எடுத்தார்.

"அது எதுக்கு? ஜிப்புகூட இல்லை."

"கை சும்மா இருந்தா ஒரு மாதிரி இருக்கு."

தெரு முழுக்க அந்தப் பை வாயைத் திறந்துகொண்டு அவரோடு வந்தது. உள்ளே தண்ணீர் பாட்டிலும் நேற்றைய வேலைவாய்ப்புப் பக்கமும் எதிரே வருகிற எல்லோருக்கும் தெரிந்தன. இத்தனை நாள் மூடிவைத்திருந்ததன் லட்சணம் இதுதானா என்று எண்ணிக்கொண்டார். திருடிக்கொண்டு போகக்கூட ஒருவரும் ஆசைப்பட மாட்டார்கள்.

பேங்கில் டோக்கன் நாற்பத்தொன்று. ஓடிக்கொண்டிருந்தது முப்பத்தாறு. நாற்காலிகள் ஒன்றோடொன்று கம்பியில் கோக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் ஐந்து பேர் அசைந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து ஐந்து பேரையும் ஆட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் முறை வந்தபோது பதினொன்றே கால்.

"வாங்க சார், வாங்கக்கா," என்றாள் கீழ் வீட்டுப் பெண். "இன்னைக்கு ஆபீஸ் லீவா சார்?"

பதிமூன்று மாதமாக மாடிப்படியில் சரளமாக வந்த பொய், கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வரவில்லை. மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அவருக்காகப் பதில் சொல்லவும் இல்லை, சொல்லப்போவதாகவும் தெரியவில்லை.

"லீவு எல்லாம் இல்லம்மா," என்றார். "ஆபீஸே இல்ல. போன வருஷமே அனுப்பிட்டாங்க. வருமானம் இல்லைன்னு ஒரு ஃபாரம் இருக்குமே, அதுக்காக வந்தேன்."

அவள் கொஞ்சமும் அதிரவில்லை. அதுதான் அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"நீங்க உக்கார்ற வாசகசாலை எங்க பேங்குக்கு எதிர்லதானே இருக்கு. இந்தச் சீட்ல இருந்து பாத்தா உங்க ஜன்னல்தான் நேரா தெரியும். பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பீங்க. ரெண்டரைக்குத் தலை சாயும். மூணரைக்கு முழிச்சதும் மறுபடி முதல் பக்கத்துல இருந்து படிப்பீங்க."

"பின்ன எதுக்கும்மா தினமும் காலையில ‘ஆபீஸ் கிளம்பியாச்சா’ன்னு கேட்கறது?"

"நான் கேட்காம விட்டா, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான் சார்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அவர் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். அவருடைய நாற்காலி காலியாக, இங்கிருந்து வெகு துல்லியமாகத் தெரிந்தது. பதிமூன்று மாதம் மறைவிடம் என்று நினைத்து உட்கார்ந்திருந்த இடம். கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் துணி போர்த்தி நிறுத்தியிருக்கும் பொம்மைகூட அதைவிட ஒதுக்குப்புறமாக இருக்கும்.

ஃபாரம் வந்தது. நூலில் கட்டிய பேனாவும் வந்தது. பேர், முகவரி, கணக்கு எண் எல்லாம் முத்து முத்தாக எழுதினார். ‘தொழில்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்து, ‘சம்பளப் பிரிவு அதிகாரி, ஓய்வு’ என்று எழுதி நீட்டினார்.

"ஓய்வுன்னா பென்ஷன் வருதா சார்?"

"பென்ஷன் எல்லாம் இல்ல."

"அப்ப அப்படி எழுதக் கூடாது சார். மேல கேள்வி கேட்பாங்க."

"அடிச்சுட்டு எழுதறேன்."

"அடிச்ச ஃபாரம் செல்லாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அடித்தல் திருத்தல் இருந்த ஃபாரங்களை எத்தனை பேர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்திருப்பார் என்பதும் தெரியும்.

இரண்டாவது ஃபாரம். இந்த முறை ‘ஆலோசகர்’ என்று எழுதினார். எழுதியதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருக்கு ஆலோசனை சார்?"

"எனக்குத்தாம்மா," என்றாள் மனைவி. "மிஷினுக்கு எண்ணெய் போடு, வெளிச்சத்துல உக்காந்து தை, ஜிப்புக்கு நூத்திருபது வாங்குன்னு சொல்வார்."

"மாசம் எவ்வளவு சார் வரும் இதுல?"

"அவருக்கா? ராத்திரிச் சாப்பாடு."

கீழ் வீட்டுப் பெண் சிரிக்காமல் மூன்றாவது ஃபாரத்தை எடுத்து வைத்தாள். மணி பதினொன்றே முக்கால். கதவருகே காவலாளி நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தான். பின்னால் நாற்பத்திரண்டாம் டோக்கன்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்ன எழுதணும்னு நீயே சொல்லிடும்மா," என்றார் அவர். "எனக்கு ஓடலை. முப்பது வருஷம் இதே ஃபாரத்தை மத்தவங்களுக்குக் கட்டுக் கட்டாக் குடுத்திருக்கேன். இந்தக் கட்டத்துக்கு மட்டும் வார்த்தை வரமாட்டேங்குது."

"நான் சொல்லி நீங்க எழுதக் கூடாது சார். வேணா ஒரு மாதிரி காட்டறேன், அதைப் பாத்து எழுதிக்குங்க." எழுந்து போய் அலமாரியில் ஒரு கோப்பைத் துழாவினாள். "அக்காவோடதே இருக்கே. இந்த வருஷத்துது. ஒரு தப்பு இல்லாத ஃபாரம்னா எங்க மேனேஜர் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்."

ஃபாரம் கண்ணாடித் தடுப்பின் கீழே நழுவி வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. உருண்டை உருண்டையான, சாய்வில்லாத எழுத்து. அவருடைய எழுத்து. மனைவியின் பேர். முகவரி. அதற்குக் கீழே, தொழில் என்ற கட்டத்தில், எங்கும் தயங்காத ஒரே இழுப்பில், ‘ஏதுமில்லை’. அடியில் பெருக்கல் குறி. அதன்மேல் அவள் கையெழுத்து.

அந்த ஒரு சொல்லை எழுத அன்றைக்கு அவருக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கு ஒன்பது தடவை. மொத்தமாகக் கூட்டினாலும் அரை நிமிஷம் தேறாது. இன்றைக்கு இரண்டு ஃபாரத்தைக் கெடுத்து, அரைமணி நேரமாகப் பேனாவின் நூலை முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"சார், பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவர் குனிந்து, மாதிரியைப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடப் பையனைப் போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஏ. து. மி. எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பெருக்கல் குறி போட்டுக்கொள்ளாமலே கையெழுத்திட்டார். கீழ் வீட்டுப் பெண் மேலிருந்து கீழ்வரை படித்து, கம்ப்யூட்டரில் தட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"ஆயிடுச்சு சார். திங்கக்கிழமை முழு வட்டியும் வந்துடும். போன தடவை பிடிச்சதுக்கு மட்டும் வரி ஆபீஸ்ல எழுதிப் போடணும்."

"அது எப்ப வரும்மா?" என்று அவர் வாய் கேட்டுவிட்டது.

"வர்றப்ப வரும் சார்," என்றாள் அவள், அடுத்த டோக்கனை அழுத்திக்கொண்டே.

மோட்டார் கிடைத்துவிடும். அவர் பெருமூச்சு விட்டு, முத்திரை குத்திய நகலைத் திறந்த பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். மனைவி எழவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, தன் ஃபாரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல், ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய ஆள்காட்டி விரல், அந்தக் கட்டத்தில் வந்து நின்றது.

"கிளம்பலாமா?" என்றார். "மெக்கானிக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏங்க, நீங்க இதை எழுதினப்ப பக்கத்து ரூம்ல மிஷின் ஓடிக்கிட்டுத்தானே இருந்தது?"